சர்க்கரை நோயும் கட்டுமீறிச் சாப்பிடுவதும்: எதை முதலில் சரிசெய்வது, எதைக் கடைசியில்

மனம் கனக்கும்போது கை சாப்பாட்டின் பக்கம் போவது யாருக்கும் நேர்வதுதான். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவருக்கோ அதன் பின்விளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன: ரத்தச் சர்க்கரை உயர்கிறது, மருந்துக் கணக்கு குழம்புகிறது, பிறகு வரும் குற்ற உணர்வே அடுத்த முறை சாப்பிடுவதற்கும் காரணமாகிவிடுகிறது.

இதிலிருந்து வெளிவர முயன்ற பலரை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். தடுமாறியவர்களில் பெரும்பாலோர் தடுமாறியது ஒரே இடத்தில்தான். "நாளையிலிருந்து பாதியாகக் குறைத்துவிடுகிறேன்" என்று தொடங்கினார்கள். குறைப்பது இந்தப் பாதையின் கடைசி வேலை. அதை முதல் வேலையாக்கினால், சில நாள் அரைப் பட்டினிக்குப் பிறகு முன்பைவிடப் பெரிய கட்டுமீறல் வருகிறது. ஆகவே கீழே உள்ள படிகளை எழுதியிருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள். ஒரு படி பழக்கமாக ஓரிரு வாரம் பிடித்தால் அது தாமதம் அல்ல. அவ்வளவு காலம் அதற்குத் தேவைதான்.

1. உங்களுடையது எது என்று முதலில் பாருங்கள்

கவலையிலோ சலிப்பிலோ பசியின்றிக் கொஞ்சம் சாப்பிடுவது ஒன்று. நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல் சாப்பிடுவது வேறொன்று. இரண்டுக்கும் படிகள் பெரும்பாலும் பொதுவானவை என்றாலும், இரண்டாவதைத் தனியாகச் சமாளிக்க முயலக் கூடாது.

கட்டுமீறிய உண்ணலை மருத்துவம் அடையாளம் காணும் விதம் இது: இரண்டு மணி நேரம் போன்ற குறுகிய பொழுதுக்குள், அதே சூழலில் பெரும்பாலோர் சாப்பிடக்கூடியதைவிட நிச்சயமாக அதிகம் சாப்பிடுவது, அப்போது கட்டுப்பாடு கையைவிட்டுப் போன உணர்வு. கூடவே வேகமாக விழுங்குவது, வயிறு வலிக்கும்வரை சாப்பிடுவது, பசியே இல்லாமல் சாப்பிடுவது, வெட்கத்தால் தனியாகச் சாப்பிடுவது, முடிந்தபின் தன்மேல் அருவருப்போ குற்ற உணர்வோ கொள்வது ஆகியவற்றில் குறைந்தது மூன்று இருக்கும். இது மனத்தை வெகுவாக வருத்தி, சராசரியாக வாரத்துக்கு ஒரு முறையாவது 3 மாதங்கள் தொடர்ந்தால் அது ஒரு நோய். அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

அளவு மட்டுமே அடையாளம் அல்ல. கொஞ்சமாகச் சாப்பிட்டும் "என்னால் நிறுத்த முடியவில்லை" என்று தவிப்பவர்கள் உண்டு. அந்தத் தவிப்பையும் பொருட்படுத்துங்கள்.

சிலர் இந்த வழிகாட்டியோடு தொடங்காமல் நேராக மருத்துவரிடம் போக வேண்டும். சாப்பிட்டதை வாந்தியெடுத்து வெளியேற்றுபவர்கள், பேதி மருந்து எடுப்பவர்கள், எடை குறைய வேண்டும் என்று இன்சுலினை வேண்டுமென்றே விடுபவர்கள், கர்ப்பிணிகள், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருபவர்கள் ஆகியோர் அவர்கள். கடைசியாகச் சொன்னவர்கள் இன்றே ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும்.

2. கையில் இருக்க வேண்டியவை

வீட்டிலேயே ரத்தச் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டரும் அதற்கான சோதனைப் பட்டைகள் போதுமான அளவும். ஒரு சிறிய நோட்டு, அல்லது எப்போதும் உடனிருக்கும் கைப்பேசி. நீங்கள் எடுக்கும் எல்லா மருந்துகளின் பட்டியல், சர்க்கரைக்கு அல்லாதவையும் சேர்த்து. குளுக்கோஸ் மாத்திரை அல்லது பொடி. இவற்றோடு, கண்டிக்காமல் கேட்கக்கூடிய ஒரு மனிதர்.

எடைக் கருவியை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். மருத்துவர் எடை பார்க்கச் சொல்லியிருந்தால் வாரத்துக்கு ஒரு முறை போதும். ஒருநாள் முதல் மறுநாள் வரை எடை ஏறி இறங்குவதற்கு உடலில் நிற்கும் நீரும் உப்பும் பெரிய காரணம். அந்த எண் காலையில் தரும் ஏமாற்றம் மாலையில் சாப்பாடாக மாறுவதைப் பலரிடம் பார்த்தாகிவிட்டது.

3. உடல் தரும் பசியை மனத்தின் கணக்கில் எழுதாதீர்கள்

மனத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்தப் படி வருவதற்குக் காரணம் இருக்கிறது. "எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை" என்று சொல்பவர்களில் சிலருக்கு உண்மையில் நடப்பது தாழ்சர்க்கரை. இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா மாத்திரை எடுப்பவர்களுக்கும் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அடக்க முடியாத பசி, நடுக்கம், வியர்வை, படபடப்பு வரும். அது உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சி. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இது அரிது.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது: 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் காத்திருப்பு, மறுபடி சோதனை. இன்னமும் 70க்குக் கீழே என்றால் மீண்டும் அதே அளவு. சரியானதும், அடுத்த சாப்பாட்டுக்கு நேரம் இருந்தால் சிறிது உணவு. மாவுச்சத்துச் செரிமானத்தைத் தாமதப்படுத்தும் அகார்போஸ், வோக்ளிபோஸ் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை மெதுவாகத்தான் வேலை செய்யும், குளுக்கோஸே வேண்டும்.

இங்கே நடக்கும் தவறு, அந்தப் 15 நிமிடம் பொறுக்காமல் கைக்குக் கிடைத்ததையெல்லாம் சாப்பிடுவது. மூளைக்கு நிம்மதி வரும் முன்பே வயிறு நிரம்பிவிடும். பிறகு சர்க்கரை 300ஐக்கூட எட்டலாம். குளுக்கோஸை அளந்து முன்பே பொட்டலமாக்கி வைத்திருப்பவர்கள் இதிலிருந்து தப்புகிறார்கள். இந்தத் தாழ்சர்க்கரை வாரத்தில் இரண்டு மூன்று தடவை வருகிறது என்றால் மாற வேண்டியது மருந்தின் அளவு. மருத்துவரிடம் அதைக் கேளுங்கள்.

இன்னொரு குழப்பம்: நெடுநாள் 250, 300 என்று இருந்தவருக்கு 110 வந்தாலே கை நடுங்கும், பசிக்கும். உடல் உயர்ந்த அளவுக்குப் பழகிவிட்டதால் வரும் அறிகுறி அது. சோதித்துப் பார்த்து 110 என்று தெரிந்தால் குளுக்கோஸ் தேவையில்லை. நேரத்துச் சாப்பாடு போதும். சர்க்கரை சீராக இருக்க இருக்க இந்த உணர்வு அடங்கிவிடும்.

மிகுசர்க்கரையும் பசியைத் தரும். இன்சுலின் குறைபாட்டால் ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் செல்களுக்குள் போகாமல் சிறுநீரில் வெளியேறுகிறது. உடல் பட்டினியில் இருப்பதாகவே நடந்துகொள்கிறது. அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், களைப்பு ஆகியவை பசியோடு சேர்ந்து வந்தால் முதலில் சிகிச்சையைச் சரிபார்க்க வேண்டும்.

கடைசியாக மருந்துப் பட்டியலைப் பாருங்கள். பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டுகள், மிர்டஸாபின், ஓலான்ஸபின் போன்ற சில மனநல மருந்துகள் பசியைத் தூண்டும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்துவது ஆபத்தாகலாம். மாற்று உண்டா என்று கேளுங்கள்.

4. கட்டுமீறிய பிறகு என்ன செய்வது என்பதை இப்போதே தீர்மானியுங்கள்

பொதுவாக இதைக் கடைசியில் வைப்பார்கள். நான் முன்னால் வைக்கிறேன். ஏனெனில் முதல் வாரத்திலேயே ஒரு கட்டுமீறல் நிகழும் வாய்ப்பு அதிகம். அதற்குப் பின்வரும் 24 மணி நேரத்தில் செய்யும் காரியங்கள், சாப்பிட்டதைவிட அதிகக் கெடுதல் செய்யக்கூடியவை.

அடுத்த வேளைச் சாப்பாட்டை விடாதீர்கள். "நேற்று சாப்பிட்டதற்கு இன்று ஈடு" என்ற எண்ணம்தான் இந்தச் சுழலைச் சுற்ற வைக்கிறது. பட்டினி கிடந்தால் மாலைக்குள் பசியும் ஏக்கமும் சேர்ந்துவிடும், மறுபடி கட்டுமீறும். பசிக்காவிட்டாலும் வழக்கமான நேரத்தில், கொஞ்சமாகவாவது சாப்பிடுங்கள்.

மாத்திரையை இரட்டிப்பாக்காதீர்கள். இன்சுலினை இஷ்டத்துக்கு ஏற்றாதீர்கள். வேக இன்சுலின் ஒரு முறை போட்டால் ஏறத்தாழ 4 மணி நேரம் வேலை செய்கிறது. எண் இறங்கவில்லையே என்று ஒரு மணி நேரத்தில் மறுபடி போட்டால் இரண்டும் சேர்ந்து நள்ளிரவில் தாழ்சர்க்கரையில் தள்ளும். மிகையாகச் சாப்பிட்ட நாளில் எவ்வளவு கூட்டலாம், கூட்டலாமா என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்வதுதான் சரி.

கொழுப்பு மிகுந்த உணவானால் இரண்டு மணி நேரச் சோதனை உங்களை ஏமாற்றக்கூடும். செரிமானம் தாமதமாவதால் சர்க்கரை 4, 5 மணி நேரத்துக்குப் பிறகும் ஏறும். எண் நன்றாக இருக்கிறதே என்று இன்னும் சாப்பிடுபவர்களும் உண்டு, பயந்து இன்சுலின் கூட்டுபவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாம்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பரிகாரமாகப் பட்டினி கிடந்தாலோ மாவுச்சத்தை அறவே நிறுத்தினாலோ கீட்டோன்கள் (உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலப் பொருள்கள்) பெருகி ரத்தம் அமிலமாகும் ஆபத்து இவர்களுக்கு உண்டு. அப்போது மீட்டரில் எண் அவ்வளவு உயர்வாக இல்லாமலேயே இருக்கலாம். குமட்டல், வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு வந்தால் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடக்கலாம்; சாப்பிட்ட பிறகான நடை சர்க்கரை ஏற்றத்தைக் குறைக்கும். தண்டனையாக இரண்டு மணி நேரம் ஓடுவது வேறு. இன்சுலின், சல்ஃபோனைல்யூரியா எடுப்பவரை அது தாழ்சர்க்கரையில் கொண்டுபோய் விடும்.

மீட்டரைத் தவிர்க்காதீர்கள். வழக்கமாகச் சோதிக்கும் நேரத்தில் சோதித்து, எண்ணை மட்டும் எழுதுங்கள். எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை காட்டுவது இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையை. ஒரே ஓர் இரவு அதைத் தீர்மானித்துவிடாது. அந்த இரவால் வரும் பட்டினி, கட்டுமீறல், மீண்டும் பட்டினி என்ற தொடர் தீர்மானித்துவிடும்.

5. எழுதத் தொடங்குங்கள், எதையும் மாற்றாமல்

முதல் வாரம் எழுதுவது மட்டுமே வேலை. உணவை மாற்ற வேண்டாம். ஒரு பக்கத்தில் இத்தனை போதும்: நேரம், என்ன சாப்பிட்டீர்கள் என்பது தோராயமாக, எங்கே, யாருடன், சாப்பிடும் முன் பசி 0 முதல் 10 வரை எவ்வளவு, அதற்கு முன் என்ன நடந்தது. கட்டுப்பாடு போன உணர்வு இருந்தால் ஒரு நட்சத்திரக் குறி. சர்க்கரை பார்த்திருந்தால் அந்த எண்.

கலோரியும் கிராமும் வேண்டாம். அவற்றை எழுதத் தொடங்கியதும் நோட்டு தீர்ப்புப் புத்தகமாகிவிடும். மோசமான நாளில் அதைத் திறக்கவே கை வராது.

சாப்பிடும் நேரத்திலேயே எழுதுங்கள். இரவில் மொத்தமாக எழுதலாம் என்று தள்ளிப்போட்டால் நினைவு தன் விருப்பப்படி திருத்திவிடும். குறிப்பாக "அதற்கு முன் என்ன நடந்தது" என்பது சில மணி நேரத்திலேயே மங்கிவிடுகிறது. நமக்கு மிகவும் தேவைப்படுவதோ அதுதான். இன்னொரு பயனும் உண்டு: கைக்கும் வாய்க்கும் நடுவே பேனா வரும்போது ஒரு கணம் இடைவெளி விழுகிறது. சிலருக்கு அந்தக் கணமே ஒரு கட்டுமீறலைத் தடுத்திருக்கிறது.

எழுதுபவர்கள் தடுமாறும் இடம் ஒன்றுதான்: கட்டுமீறிய நாளில் எழுதாமல் விடுவது. நல்ல நாள்களால் மட்டும் நிரம்பிய நோட்டினால் எந்தப் பயனும் இல்லை. அன்று எதையும் விவரிக்க மனமில்லாவிட்டால் நேரத்தையும் நட்சத்திரக் குறியையும் மட்டும் போடுங்கள். மேலும், நோட்டை வீட்டில் யாரும் தணிக்கை செய்ய விடாதீர்கள். இன்னொருவர் படிப்பார் என்று தெரிந்தால் அவருக்கு ஏற்றபடி எழுதுவோம்.

வார இறுதியில் ஒருமுறை உட்கார்ந்து நட்சத்திரங்களை மட்டும் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் முன் எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் இருந்தீர்கள்? எந்த நேரத்தில், எந்த இடத்தில் அதிகம் விழுகின்றன? அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் யாரோடு என்ன பேச்சு? முந்தைய இரவு எவ்வளவு தூக்கம்? மாலை நேரக் கட்டுமீறலை மனப்பிரச்சினை என்று மட்டுமே நினைத்திருந்தவர்கள், பகலில் ஆறு ஏழு மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் இருந்ததை நோட்டில்தான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள்.

6. நேரத்துக்குச் சாப்பிடுங்கள்

எல்லாப் படிகளிலும் கனமானது இதுதான். வேறு எதையும் செய்ய முடியாவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள் என்று சொல்வேன்.

ஒரு நாளைக்கு மூன்று வேளைச் சாப்பாடு, நடுவே இரண்டு சிறு உணவு. ஓர் உணவுக்கும் அடுத்த உணவுக்கும் இடையே 4 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. நேரங்களை முந்தைய இரவே எழுதி வையுங்கள். பசித்தாலும் பசிக்காவிட்டாலும் அந்த நேரத்தில் சாப்பிடுங்கள். அந்த நேரங்களுக்கு நடுவே வேறெதுவும் சாப்பிடாமல் இருக்கப் பாருங்கள். இரவுப் பணி செய்பவர்கள் கடிகாரத்தைப் பார்க்காமல் எழுந்த நேரத்திலிருந்து கணக்கிடலாம்.

பசிக்காதபோதும் ஏன்? நெடுநாள் பட்டினியும் மிகையுமாகப் போன உடலில் பசியும் நிறைவும் நம்பகமான செய்தி தருவதில்லை. அவை சீராகும்வரை நேரம் அவற்றின் இடத்தில் நிற்கிறது. அடுத்த உணவு எப்போது என்று உறுதியாகத் தெரியும்போது "இப்போது கிடைத்ததைச் சாப்பிட்டுவிட வேண்டும்" என்ற பதற்றமும் தணிகிறது.

எடை கூடிவிடுமோ, சர்க்கரை ஏறிவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் வருகிறது. இங்கே உணவைக் கூட்டவில்லை. இரவில் ஒரே மூச்சில் போனதைப் பகலெல்லாம் பிரித்துவைக்கிறோம். சிறு உணவு சிறியதாகவே இருக்கட்டும். ஒவ்வொரு வேளையிலும் புரதமும் நார்ச்சத்தும் இருந்தால் சர்க்கரை மெதுவாக ஏறும், நிறைவும் நீடிக்கும். என்ன சாப்பிடுவது என்பதில் இதற்கு மேல் இப்போது எதையும் மாற்ற வேண்டாம். நேரத்தையும் உணவு வகையையும் ஒரே வாரத்தில் மாற்ற முயன்றவர்கள் இரண்டையும் இழந்ததையே பார்த்திருக்கிறேன்.

இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியாவோ எடுப்பவர்கள் உணவு நேரத்தை மாற்றும் முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருந்து நேரமும் சேர்ந்து நகர வேண்டியிருக்கும்.

செமாகுளூடைடு, லிராகுளூடைடு போன்ற ஜிஎல்பி-1 ஊசி போடுபவர்களுக்குத் தனியாக ஒன்று. ஊசியால் பகலில் பசியே தெரியாது. பசிக்கவில்லை என்று இரண்டு வேளையை விட்டுவிடுவார்கள். இரவில் மனம் கேட்பதைச் சாப்பிடுவார்கள். பசியை மருந்து குறைக்கும். தனிமையை அது குறைக்காது. ஆகவே அவர்களுக்கும் நேரச் சாப்பாடு உண்டு, அளவு மட்டும் சிறியது.

ஐந்து நாள் சரியாகப் போய் ஆறாவது நாள் தவறினால், தவறிய இடத்திலிருந்து அடுத்த நேரத்துக்குப் போங்கள். திங்கட்கிழமை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

7. உந்துதல் வரும் அந்த அரை மணி நேரம்

நேரச் சாப்பாடு மூன்று நான்கு வாரம் ஓடியபின் கட்டுமீறல்களின் எண்ணிக்கை பொதுவாகக் குறைந்திருக்கும். மிஞ்சி நிற்பவைதான் பெரும்பாலும் மனத்திலிருந்து வருபவை. அவற்றை இப்போது எடுத்துக்கொள்ளலாம்.

தாழ்சர்க்கரை தரக்கூடிய மருந்து எடுப்பவரானால், உந்துதல் வந்ததும் முதல் வேலை விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். படபடப்பும் தவிப்பும் தாழ்சர்க்கரைக்கும் மன உந்துதலுக்கும் ஒன்றுபோலவே இருக்கும். எண் 70க்குக் கீழே என்றால் பொறுத்துக்கொள்ளும் பயிற்சிக்கு அது நேரமல்ல.

எண் சரியாக இருந்தால், அடுத்த உணவு நேரம் எப்போது என்று பாருங்கள். பிறகு 20 நிமிடத்துக்கு மணி வைத்துக்கொண்டு சமையலறையைவிட்டு வெளியே வாருங்கள். உந்துதல் ஏறிக்கொண்டே போகும் என்றுதான் தோன்றும். அது ஏறும், சற்று நிற்கும், பிறகு இறங்கும். அது இறங்குவதை ஒருமுறை விழித்திருந்து பார்த்தவருக்கு அடுத்த முறை பயம் குறைகிறது.

அந்த 20 நிமிடத்தில் செய்ய ஒரு பட்டியல் முன்பே எழுதியிருக்க வேண்டும். உந்துதல் வந்தபின் யோசித்தால் ஒன்றும் தோன்றாது. பட்டியலில் உள்ளவை கையை ஈடுபடுத்த வேண்டும், செய்துகொண்டே சாப்பிட முடியாதவையாக இருக்க வேண்டும், இரவு பத்து மணிக்கும் சாத்தியமாக வேண்டும். குளிப்பது, ஒருவரோடு பேசுவது, நடப்பது, தைப்பது, வாத்தியம் வாசிப்பது. தொலைக்காட்சி இதில் சேராது. அதன் முன்னால்தான் பலரும் சாப்பிடுகிறார்கள். கணக்கு வழக்கு பார்ப்பது, அலமாரி ஒழுங்கு செய்வது போன்ற கடமைகளைப் பட்டியலில் நிரப்புபவர்கள் இரண்டு நாளில் அதைக் கைவிடுகிறார்கள். சோர்ந்துபோன மனம் இன்னொரு கடமையை நோக்கிப் போகாது.

20 நிமிடம் கழித்தும் வேண்டும் என்றால் சாப்பிடுங்கள். ஒரு தட்டில் எடுத்துவைத்து, உட்கார்ந்து, திரையில்லாமல், மெதுவாக. மீதியை முதலில் மூடி வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். இதைத் தோல்வி என்று எழுத வேண்டாம். தானே தீர்மானித்துச் சாப்பிட்டதும் கட்டுமீறிச் சாப்பிட்டதும் ஒன்றல்ல; நாம் மீட்க முயல்வது அந்தத் தீர்மானத்தைத்தான்.

8. உந்துதலுக்குப் பின்னால் நிற்பதைக் கவனியுங்கள்

நோட்டில் "டென்ஷன்" என்று எழுதியிருந்தால் இன்னும் கொஞ்சம் கிட்டே போங்கள். கோபமா, அவமானமா, பயமா, களைப்பா, வெறுமையா? பெயர் துல்லியமானால் வழி தெரியும். களைப்புக்குத் தேவை ஓய்வு. கோபத்துக்குத் தேவை ஒரு பேச்சு. தனிமைக்கு ஒரு குரல். "டென்ஷன்" என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டுவிட்டால் தீர்வாகச் சாப்பாடு ஒன்றே மிஞ்சும்.

நீரிழிவே தரும் சோர்வு ஒன்று இருக்கிறது. தினமும் சோதனை, மாத்திரை, கணக்கு, பயம். எவ்வளவு செய்தும் எண் கேட்பதில்லை என்ற அலுப்பு. இது மனச்சோர்வு நோயிலிருந்து வேறுபட்டது. இரண்டும் சேர்ந்தும் வரலாம். இந்த நீரிழிவுச் சோர்வை அளக்க 20 கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாள் பல நாடுகளில் பயன்பாட்டில் இருக்கிறது. மருத்துவரிடமோ நீரிழிவு ஆலோசகரிடமோ கேட்கலாம். நீரிழிவு உள்ளவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஈடுபாடில்லை, தூக்கம் கெட்டிருக்கிறது, எதிர்காலமே இல்லை என்று தோன்றினால் அதற்குத் தனிச் சிகிச்சை வேண்டும். உணவுப் படிகள் மட்டும் அதைத் தீர்க்காது.

மீட்டரின் எண்ணே தூண்டுகோலாவதும் உண்டு. காலையில் 240 என்று பார்த்ததும் "எல்லாம் போயிற்று, இனி என்ன" என்று சாப்பிடுவது. இதற்கு ஒரு சிறு ஏற்பாடு உதவுகிறது: எந்த எண் வந்தால் என்ன செய்வது என்பதை மருத்துவரோடு பேசி ஒரு அட்டையில் எழுதி மீட்டர் பையிலேயே வையுங்கள். அப்போது எண் வந்ததும் கண் அட்டைக்குப் போகும், மனம் தன்னைத் திட்டுவதற்கு முன்.

தூக்கக் குறைவு பசியைக் கூட்டும். மது தீர்மானத்தைத் தளர்த்தும். இன்சுலின் எடுப்பவருக்குப் பல மணி நேரம் கழித்தும் தாழ்சர்க்கரை தரும். நோட்டில் இவை தென்பட்டால் முதலில் இவற்றைச் சரிசெய்யுங்கள்.

9. விலக்கிவைத்த உணவுகளை மெல்லத் திரும்பக் கொண்டுவாருங்கள்

நீரிழிவு என்று தெரிந்த நாளில் பலர் ஒரு நீண்ட தடைப் பட்டியல் போட்டுக்கொள்கிறார்கள். முழுத் தடையில் ஒரு கோளாறு இருக்கிறது: ஒரு துண்டு வாயில் போனாலே தடை உடைந்துவிட்டது. உடைந்தபின் ஒரு துண்டுக்கும் ஒரு பெட்டிக்கும் மனம் வித்தியாசம் பார்ப்பதில்லை. நீரிழிவு உணவுமுறையில் எந்தப் பண்டமும் முற்றிலும் விலக்கப்பட்டதல்ல. அளவும், நேரமும், உடன் என்ன சேர்க்கிறோம் என்பதும்தான் கேள்வி.

பட்டியலில் மிகக் குறைவாகப் பயமுறுத்தும் ஒன்றில் தொடங்குங்கள். நல்ல மனநிலையில் உள்ள நாளில், வழக்கமான சாப்பாடு முடிந்த கையோடு, ஒரு சிறு அளவு மட்டும் வாங்கி, முடிந்தால் ஒருவரோடு சேர்ந்து சாப்பிடுங்கள். அன்றைய மாவுச்சத்தில் அந்த அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை பாருங்கள். பயந்த அளவுக்கு எண் ஏறியிருக்கிறதா என்று நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

வெறும் வயிற்றிலோ, மனம் சரியில்லாத மாலையிலோ, தனியாக, முழுப் பொட்டலத்தோடு இதை முயன்று பார்த்துவிட்டு "எனக்கு இது ஆகாது" என்று முடிவு கட்டுபவர்கள் அதிகம். ஆறாவது படி நிலைபெறாமல் இதற்கு வராதீர்கள்.

உணவின் அளவையும் வகையையும் மாற்ற வேண்டும் என்றால் அதற்கும் இனிமேல்தான் நேரம். கட்டுமீறல் அரிதாகி ஓரிரு மாதம் ஆனபின், உணவியல் நிபுணர் ஒருவரோடு, மெதுவாக.

10. வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள்

உங்களைக் கண்காணிக்கும் வேலை வேண்டாம். "இதைச் சாப்பிடலாமா?" என்ற கேள்வி எவ்வளவு அன்போடு வந்தாலும், அதைக் கேட்டவர் தூங்கியபின் ஒளிந்து சாப்பிடுவதில்தான் பெரும்பாலும் முடிகிறது. அவர்களிடம் குறிப்பாக ஒன்றைக் கேளுங்கள்: நேரத்துக்கு உடன் உட்கார்ந்து சாப்பிடுவது, அல்லது மாலையில் கூட நடப்பது, அல்லது உந்துதல் வரும்போது பேச்சுக்குத் துணை நிற்பது. தாழ்சர்க்கரை வந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

11. மருத்துவரிடம் சொல்வதும் கேட்பதும்

பெரும்பாலோர் இதை மருத்துவரிடம் மறைக்கிறார்கள். மறைப்பதால் அவர் உயர்ந்த எண்ணை மட்டும் பார்த்து மருந்தைக் கூட்டுகிறார். இப்படிச் சொன்னால் போதும்: "வாரத்தில் சில தடவை நிறுத்த முடியாமல் சாப்பிடுகிறேன். எதனால் என்று பார்க்க வேண்டும். உதவி வேண்டும்." சொல்ல வாய் வராவிட்டால் ஒரு தாளில் எழுதி, நோட்டின் இரண்டு பக்கங்களோடு நீட்டுங்கள். அவர் கண்டித்தால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.

கேட்க வேண்டிய சிகிச்சை, உண்ணல் கோளாறுகளுக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் பேச்சுச் சிகிச்சை, சிபிடி). சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கட்டுமீறிய உண்ணலுக்கு முதலில் பரிந்துரைப்பது துணையோடு செய்யும் சுய உதவி: 16 வாரங்களில் 4 முதல் 9 அமர்வுகள், ஒவ்வொன்றும் 20 நிமிடம். அது 4 வாரத்தில் பயன் தராவிட்டால் குழுச் சிகிச்சை. மருந்தை மட்டுமே சிகிச்சையாகத் தரக் கூடாது என்றும் அது சொல்கிறது. இந்தச் சிகிச்சையால் எடை பெரிதாகக் குறையாது என்பதையும் அது வெளிப்படையாகக் கூறுகிறது. இதைத் தெரிந்துகொண்டு போனால், கட்டுமீறல் நின்றும் எடை இறங்கவில்லை என்று பாதியில் விடமாட்டீர்கள்.

கட்டுமீறல் குறையத் தொடங்கும் வாரங்களில் இன்னொரு முறை மருத்துவரைப் பாருங்கள். உங்கள் இன்சுலினும் மாத்திரையும் கட்டுமீறிச் சாப்பிட்ட நாள்களின் எண்களைப் பார்த்து நிர்ணயிக்கப்பட்டவை. சாப்பாடு சீரானபின் அதே அளவு அதிகமாகிவிடும். தாழ்சர்க்கரை வரும், அதோடு பழைய பசியும் வரும். ஆகவே அந்த வாரங்களில் வழக்கத்தைவிட அடிக்கடி சோதியுங்கள், குறிப்பாகப் படுக்கும் முன். 70க்குக் கீழே ஒருமுறை இறங்கினாலும் அடுத்த சந்திப்புவரை காத்திராமல் அழைத்து, அளவைக் குறைக்கலாமா என்று கேளுங்கள்.